சத்தியக் கடதாசியில் ஆறாம் பந்தி

இரத்தினசிங்கம் பொய் சொல்லித் திரிகிற மனுசன் இல்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கவேண்டும். இல்லாவிட்டால் பிறகு வரப்போகிறதைக் கேட்டுவிட்டு ஆளைப் பற்றித் தப்பாக நினைப்பீர்கள். இருபத்திரண்டு வருஷம் மெல்போர்னில் பஸ் ஓட்டியவர். ஒரு நிமிஷம் பிந்தினாலும் பிந்தினது என்று தானே எழுதிக் கொடுப்பார். அவர் தன் வாழ்நாளில் சொன்னது ஒரேயொரு பொய்தான். ஆனால் அந்த ஒன்றை விடாமல் பதினொரு வருஷம் சொன்னார்.

பொய் பிறந்த கதை இதுதான். மகள் தாட்சாயினிக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் கிளேட்டனில் இருக்கிற பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க இடம் கிடைத்தது. இரத்தினசிங்கத்துக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. தாங்கள் குடியிருக்கிற கிரெய்கிபர்னில் மண்டபத்தை எடுத்து, எண்பது பேரைக் கூப்பிட்டு, புட்டும் ஆட்டுக்கறியும் கொடுத்து, பிள்ளையின் புள்ளிகளை மைக்கில் வாசித்தார். வந்தவர்கள் எல்லோரும் "இனி எங்களுக்கு வீட்டுக்குள்ளையே ஒரு லோயர்" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அடுத்த மாதம் பிள்ளை வேறு ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். பெண்களுக்கான தேசியக் கால்பந்து லீக்கில் நகரத்துக் கழகம் ஒன்று அவளைக் கோல் காப்பாளராக எடுத்திருந்தது.

பெண் பிள்ளைகள் பந்தடிப்பதையே ஒரு தொழிலாகச் செய்யலாம் என்று இந்த நாடே அப்போதுதான் யோசிக்கத் தொடங்கியிருந்தது. அந்த முதல் ஆட்களில் இவளும் ஒருத்தி. ஒரு வருஷம்தான், பிறகு படிக்கிறேன் என்று சொல்லிச் சட்டப் படிப்பைத் தள்ளிவைத்தாள். ஒரு வருஷம் ஐந்து வருஷமாயிற்று.

இதற்குள் ஊர் கேட்காமல் விடுமா? "பிள்ளை படிக்குதோ?" என்று கோயிலில் கேட்டார்கள். இரத்தினசிங்கத்துக்கு அந்தப் புட்டும் ஆட்டுக்கறியும் மைக்கும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. "ஓம், படிக்குது" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பொய் தானாகவே வளர்ந்தது. இரண்டாம் வருஷம் என்றார், மூன்றாம் வருஷம் என்றார், முடித்துவிட்டாள் என்றார், சிட்டியில் வேலை செய்கிறாள் என்றார். பெரிய சட்டத்தரணியாகிவிட்டாள் என்று அவர் சொல்லித் திரிந்த அதே மாதம் தாட்சாயினி, இரண்டாந்தரம் வெட்டித் தைத்த முழங்காலோடு, பந்தை ஒரேயடியாக விட்டுவிட்டு, கிளேட்டனில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் முதலாம் வருஷ வகுப்பில் போய் இருந்தாள்.

தாய் சிவனேஸ்வரி பொய் சொல்லவில்லை. பொய்யை உடைக்கவுமில்லை. முதியோர் இல்லத்தில் வேலை, வீட்டில் வேலை, அவருக்கு இதற்கெல்லாம் நேரமில்லை. யாராவது கேட்டால் "இவரிட்டைக் கேளுங்கோ" என்று கையைக் காட்டிவிடுவார். ஆனால் மெல்போர்னில் நடந்த ஒரு ஆட்டத்தையும் அவர் தவறவிட்டதில்லை. சனிக்கிழமைகளில் தேத்தண்ணிப் போத்தலோடு புறப்பட்டுப் போய், வெயிலில் கறுத்துத் திரும்பி வருவார். இரத்தினசிங்கம் எத்தனை கோல் என்று கேட்டதில்லை. வென்றதா தோற்றதா என்று கேட்டதில்லை. முதல் வருஷம் தாட்சாயினி "அப்பா, வாங்கோவன்" என்று மூன்று தரம் கூப்பிட்டாள். மூன்று தரமும் அவருக்கு எங்கேயோ வேலை இருந்தது. பிறகு அவள் கூப்பிடவில்லை.

எல்லாவற்றையும் கெடுத்தது விமலாதேவியின் மரம்.

மரம் என்றால் விமலாதேவியினுடையது அல்ல, பக்கத்து வீட்டுக்காரனுடையது. அது விமலாதேவியின் வளவுக்குள் சாய்ந்து நாள் முழுதும் சருகு கொட்டிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை மூத்தோர் சங்கத்தில் விமலாதேவி இரத்தினசிங்கத்தைப் பிடித்தார். "அண்ணை, உங்கடை பிள்ளை லோயர்தானே, ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோவன்" என்றார். கேட்கிற மாதிரியா நிலைமை? அடுத்த சனிக்கிழமை வந்து, கேட்ட மாதிரியே தலையை ஆட்டி, "எங்கடை பக்கம் வந்த கொப்பை வெட்டலாமாம்" என்று சொல்லிவிட்டார் மனுசன். எங்கேயோ யாரோ பஸ்ஸில் கதைத்ததைக் காதில் வாங்கியிருந்தார், அதுதான் ஆதாரம். விமலாதேவி கொப்போடு நிற்கவில்லை. ஆளைப் பிடித்து அரைவாசி மரத்தையே இறக்கிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரன் கத்த, "என் சட்டத்தரணி செல்வி தாட்சாயினி இரத்தினசிங்கத்தின் ஆலோசனைப்படியே செய்தேன்" என்று கையெழுத்து வைத்துக் கடிதமும் கொடுத்துவிட்டார். அவன் தன் சட்டத்தரணியிடம் போனான். அந்த ஆள் பதிவேட்டைப் பார்த்தார். அப்படி ஒரு பெயர் அதில் இல்லை என்று முறைப்பாடு போட்டார்.

இது நடந்தது எந்த நேரத்தில் என்று பாருங்கள். தாட்சாயினி படிப்பை முடித்து, பயிற்சியை முடித்து, ஒரு சட்ட அலுவலகத்தில் எழுத்தராக வேலை செய்துகொண்டு, சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் எடுக்க விண்ணப்பம் போட்டிருந்த நேரம். இன்னும் ஐந்து கிழமைதான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து நேரே கிரெய்கிபர்னுக்கு வந்தாள். சட்டத்தரணிகளைப் பதிகிற சபையிலிருந்து வந்த கடிதத்தைக் குசினி மேசையில் வைத்தாள். சட்டத்தரணி அல்லாத ஒருவர் சட்டத்தரணி என்று சொல்லி ஆலோசனை கொடுத்ததாக முறைப்பாடு வந்திருக்கிறது, பதில் தரவும் என்று அதில் எழுதியிருந்தது. இரத்தினசிங்கம் இரண்டு தரம் வாசித்தார்.

"இது சின்ன விஷயம்தானே பிள்ளை? நான் விமலாவோடை கதைக்கிறன்."

"சின்ன விஷயம் இல்லை, அப்பா. ஒராளை லோயராய் எடுக்கிறதுக்கு முதல் அவை பாக்கிறது ஒண்டே ஒண்டுதான். இந்த ஆள் உண்மை சொல்லுற ஆளோ எண்டு. படிப்பெல்லாம் அதுக்குப் பிறகுதான்." அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் இரத்தினசிங்கத்துக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். "எத்தினை பேருக்குச் சொல்லியிருக்கிறீங்கள்?"

"எல்லாருக்கும்" என்றார் சிவனேஸ்வரி, அடுப்படியிலிருந்து.

"நீர் சும்மா இரும்."

"நான் சும்மாதான் இருந்தனான், பதினொரு வருஷமாய்."

தாட்சாயினி கதிரையில் இருந்தாள். கால் முழுதாக மடியாது, அதனால் ஒரு காலை நீட்டிக்கொண்டுதான் இருப்பாள். "கலியாண வீடுகளிலை 'லோயர் பிள்ளை' எண்டு கூப்பிடேக்கை நானும் சிரிச்சுக்கொண்டு நிண்டனான். அதையும் எழுதிக் குடுத்திட்டன். அது என்ரை பிழை. ஆனா அந்த மரம் எனக்குத் தெரியாது. அதை நீங்கள்தான் சொல்லவேணும். நடந்ததை எழுதி ஒரு சத்தியக் கடதாசி தரவேணும். திங்கட்கிழமை போகாட்டி இந்தமுறை என்னை எடுக்காயினம். பிறகும் எடுப்பினமோ தெரியாது."

"தாறன், தாறன். எங்கை கையெழுத்து?"

"அப்பா." அவள் அவரை நேரே பார்த்தாள். "நான் புட்போல் விளையாடினது உங்களுக்கு அவ்வளவு வெக்கமோ?"

இரத்தினசிங்கம் எழுந்து போய்ப் பின்கதவைத் திறந்து, ஒரு காரணமும் இல்லாமல் திரும்பவும் பூட்டினார். அவள் போய்விட்டாள்.

அடுத்த நாள் காலையில் கிரிஜா தொலைபேசி எடுத்தாள். தாட்சாயினி வேலை செய்கிற அலுவலகத்தின் சட்டத்தரணி, மதுரைப் பக்கத்துப் பிள்ளை. "அங்கிள், நான் கிரிஜா பேசறேன். உங்களுக்கு ஒரு டிராஃப்ட் அனுப்பியிருக்கேன், பார்த்தீங்களா? அஞ்சு பாரா நாங்க எழுதிட்டோம். நீங்க யாரு, எப்போலேருந்து சொன்னீங்க, யாருக்குச் சொன்னீங்க, மரம், எல்லாம் வந்திருச்சு. ஆறாவதை மட்டும் காலியா விட்டிருக்கேன்."

"ஏன் பிள்ளை, அதையும் எழுதிவிடுங்கோவன்?"

"அது 'ஏன் சொன்னீங்க'ங்கிறதுக்கு, அங்கிள். அதை நாங்க எழுதினா உங்க வார்த்தையா இருக்காது. படிக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிடும். நீங்களே எழுதுங்க. சுருக்கமா எழுதினாப் போதும். ஆனா உண்மையா இருக்கணும்."

சுருக்கமாகவாம், உண்மையாகவாம்! இரத்தினசிங்கம் புதன்கிழமை முழுதும் அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு என்று இலக்கம் போட்டு, பக்கத்தில் நான்கு விரல் அகலத்துக்கு வெள்ளை. முதலில், என் மகளின் கல்வியில் எனக்கு இருந்த அளவுகடந்த அக்கறையினால் என்று எழுதினார். வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. சிவனேஸ்வரி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"இது பொய்யெல்லோ?"

"எப்பிடிப் பொய்யாகும்? எனக்கு அக்கறை இல்லையோ?"

"பொய்யை மறைக்கப் பொய்க்குச் சத்தியம் பண்ணப் போறியளோ? அவளின்ரை சீவியத்தோடை விளையாடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு மனுசி வேலைக்குப் போய்விட்டார். இரத்தினசிங்கம் அழித்தார். இரண்டாவதாக, எங்கள் சமூகத்தின் எதிர்பார்ப்புகள் என்று தொடங்கினார். பாவம் சமூகம், அது என்ன செய்தது? அதையும் அழித்தார். வியாழக்கிழமையும் போயிற்று. அவருக்கு உண்மையாகவே ஏன் என்று தெரியவில்லை. தெரியும், ஆனால் அதை ஒரு வசனமாக நினைத்துப் பார்க்கப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம், இரவு தங்கவென்று வந்த தாட்சாயினி தன் விண்ணப்பக் கோப்பைக் கொண்டுவந்து மேசையில் விட்டாள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துத் திங்கள் காலையில் கொடுக்கவேண்டும். அவள் குளிக்கப் போன நேரம் இரத்தினசிங்கம் கோப்பைத் திறந்தார். மற்றவர்கள் சத்தியக் கடதாசி எப்படி எழுதுகிறார்கள் என்று பார்த்துக் கொப்பியடிக்கலாம் என்கிற ஆசைதான், வேறொன்றுமில்லை. மேலே இருந்தது அவளுடைய பழைய பயிற்சியாளர் கெரின் எழுதிக் கொடுத்த நற்சான்று. விண்ணப்பக்காரரின் குணத்தைப் பற்றி உறவு அல்லாத இரண்டு பேர் சத்தியம் செய்து கொடுக்கவேண்டும் என்பது விதி.

கெரின் ஒரு ஆட்டத்தைப் பற்றி எழுதியிருந்தாள். எட்டு வருஷத்துக்கு முந்திய ஜனவரி மாதம், இரண்டாவது சனிக்கிழமை. அதில் வென்றால் இறுதிச் சுற்றுக்குப் போகலாம். சமமாக முடிந்தாலும் போகலாம். முடிய ஆறு நிமிஷம் இருக்க எதிர்ப்பக்கத்துக்காரி அடித்த பந்து மேல் கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்து தெறித்தது. தாட்சாயினி பாய்ந்து அள்ளினாள். நடுவர் தூரத்தில் நின்றார், அவருக்குத் தெரியவில்லை. ஆட்டத்தைத் தொடரச் சொல்லிக் கையைக் காட்டினார். தாட்சாயினி தொடரவில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து போய், அது கோட்டைத் தாண்டிவிட்டது, கோல்தான் என்று சொன்னாள். அணி தோற்றது, இறுதிச் சுற்றும் போயிற்று. சில பெண்கள் ஒரு மாதம் அவளோடு கதைக்கவில்லை. ஏன் சொன்னாய் என்று நான் கேட்டேன், நான் அதைக் கண்டேன் என்று மட்டும் சொன்னாள் என்று கெரின் எழுதியிருந்தாள். அன்றிலிருந்து அவள் சொல்லும் எதையும் நான் சந்தேகித்ததில்லை என்று முடித்திருந்தாள்.

இரத்தினசிங்கம் திகதியைத் திரும்பப் பார்த்தார். அந்தச் சனிக்கிழமை அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவருடைய சினேகிதர் அருந்தவனுடைய மகளின் கலியாணம். "எங்கை தாட்சா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "பிள்ளைக்குச் சோதினை" என்று சொல்லிச் சொல்லிப் பந்தியில் இருந்து சாப்பிட்டார். ஜனவரியில் எந்தப் பல்கலைக்கழகம் ஐயா சோதினை வைக்கிறது? ஒருத்தரும் கேட்கவில்லை. அவர் அங்கே வடையைக் கடித்துக்கொண்டு பொய் சொன்ன அதே பின்னேரம், ஒருத்தரும் காணாத ஒன்றை அவர் மகள் தானாகப் போய்ச் சொல்லித் தோற்றிருக்கிறாள்.

வேலையால் வந்த சிவனேஸ்வரியைச் சப்பாத்துக் கழற்றக்கூட விடாமல் கேட்டார். "இது உமக்குத் தெரியுமோ?"

சிவனேஸ்வரி கடதாசியை வாங்கி வாசித்தார். "தெரியும். நான் கோல் போஸ்ட்டுக்குப் பின்னாலைதானே நிண்டனான். வரேக்கை கார் முழுக்க அழுதுகொண்டு வந்தவள்."

"ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேட்டனீங்களோ?"

அந்தப் பிள்ளையைத் தனக்கு முழுதாகத் தெரியாது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வளர்த்தார், ஏற்றி இறக்கினார், காய்ச்சலென்றால் பக்கத்தில் இருந்தார், எல்லாம் சரி. ஆனால் அவளுடைய வாழ்க்கையில் ஐந்து வருஷத்தை வேண்டாமென்று தள்ளிவைத்துவிட்டார். யாரோ ஒரு வெள்ளைக்காரி எழுதித்தான் அவள் யாரென்று அவருக்குத் தெரியவேண்டியிருந்தது. வெட்கம் என்றால் இதுதான் வெட்கம். பேனாவை எடுத்து, நிற்காமல், ஆறாம் பந்தியை எழுதினார். நான்கு விரல் இடம் போதவில்லை, ஓரத்தில் வளைத்து எழுதினார். சனிக்கிழமை காலை தாட்சாயினி "எழுதிட்டீங்களோ, பாக்கட்டோ?" என்று கேட்டபோது, கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"அது உண்மைதான். நீ பாக்கத் தேவையில்லை."

"சரி. பொலிஸ் ஸ்டேஷனிலை கையெழுத்துக்குச் சாட்சி வைக்கிற ஒரு ஜேபி இருப்பார், அங்கை போவம். உங்களைத் தெரியாத ஆள். ரெண்டு நிமிஷத்திலை முடிஞ்சிடும்."

"வேண்டாம்" என்றார் இரத்தினசிங்கம். "மண்டபத்துக்கு விடு."

அவள் கார்ச் சாவியைக் கையில் வைத்தபடி நின்றாள். சனிக்கிழமை மண்டபத்தில் மூத்தோர் சங்கம். அங்கே ஒரு மூலை மேசையில் முத்திரையும் பேனாவுமாக இருக்கிற ஜேபி வேறு யாருமல்ல, அருந்தவன்தான். சமாதான நீதவான் என்பதைப் பெயருக்கு முன்னால் போடாமல் அந்த மனுசன் பிறந்தநாள் வாழ்த்துக்கூட எழுதமாட்டார். இரத்தினசிங்கம் அதிகம் புளுகியதும் அவரிடம்தான். அருந்தவனுக்கு இன்னுமொரு பழக்கம் உண்டு. அவருக்கு மனதுக்குள் வாசிக்க வராது. பத்திரிகையோ மரண அறிவித்தலோ மருந்துப் போத்தலோ, எதைக் கையில் எடுத்தாலும் வாய்விட்டு, மண்டபமே கேட்கிற குரலில்தான் வாசிப்பார்.

"அப்பா, அருந்தவன் அங்கிளிட்டையோ? ஷுவரோ?"

"ஓம். நீ காருக்குள்ளை இரு. போட்டு வாறன்."

மண்டபத்தில் இருபத்தைந்து பேர் இருந்தார்கள். ஒரு பக்கம் கரம் போர்ட், ஒரு பக்கம் தேத்தண்ணி. விமலாதேவி வடைத் தட்டோடு சுற்றிக்கொண்டிருந்தார். அருந்தவன் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, "வாரும் இரத்தினம், பிள்ளை கடதாசி ஏதும் தந்துவிட்டவளோ?" என்றார்.

இரத்தினசிங்கம் மடிப்பைப் பிரித்து மேசையில் வைத்தார். அருந்தவன் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "இதிலை கையெழுத்தைப் போடும். ஒவ்வொரு பக்கத்துக்கும் போடவேணும். உம்மடை லைசென்ஸைக் காட்டும். தெரிஞ்ச ஆளெண்டாலும் முறை முறைதான்."

"முதல் வாசியும்."

"நான் வாசிக்கத் தேவையில்லை. உம்மடை கையெழுத்துக்குத்தான் நான் சாட்சி. உள்ளை நீர் என்ன எழுதியிருந்தாலும் எனக்குச் சம்பந்தமில்லை, சட்டம் அப்பிடி."

"சட்டம் இருக்கட்டும். நீர் வாசியும் அருந்தவன். உம்மைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

அருந்தவன் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு கடதாசியைக் கையில் எடுத்தார். வழக்கம்போல வாய்விட்டுத் தொடங்கினார். முதலாம் பந்தி, இரண்டாம் பந்தி. மூன்றாம் பந்தியில் கரம் போர்ட் நின்றது. ஐந்தாம் பந்தியில் மரம் வந்தது. விமலாதேவியின் கையில் தட்டு அந்தரத்தில் நின்றது. ஆறாம் பந்திக்கு வந்தபோது அருந்தவனுடைய குரல் தானாகவே தணிந்தது. ஆனாலும் அவர் நிறுத்தவில்லை.

"நான் இப்படிச் சொன்னதற்குக் காரணம், என் மகள் பந்தடிக்கிறாள் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்படும்படி அவள் ஒன்றும் செய்யவில்லை. அவள் ஐந்து வருஷம் இந்த நாட்டின் முதல்தர லீக்கில் கோல் காத்தாள். என்னைப் பார்க்க வரச்சொல்லிக் கூப்பிட்டாள். நான் ஒரு ஆட்டத்துக்கும் போகவில்லை. இனி அவள் விளையாடமாட்டாள், ஆகையால் இனி நான் நினைத்தாலும் போகமுடியாது. பொய் சொன்னது நான். அவளுக்குப் பொய் வராது. இதை அவளைப் பெற்றவனாகச் சொல்லவில்லை. அவளைத் தெரிந்தவர்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும்."

ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தார், பிழையான ஆங்கிலம். ஒருத்தருக்கும் விளங்காமல் இல்லை.

முதலில் வாய் திறந்தது விமலாதேவி. "அப்ப அந்த மரத்தைப் பற்றி எனக்குச் சொன்னது ஆர்?"

"நான்தான்."

"நீங்களோ? பஸ் ஓட்டின ஆளோ எனக்குச் சட்டம் சொன்னது?"

"ஓம்."

"நாசமாய்ப் போக!" என்றார் விமலாதேவி. சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு, சிரித்துக்கொண்டே திட்டினார். "அரை மரத்தையெல்லே இறக்கிப்போட்டன்! பிள்ளையிலை பழி வரப்பண்ணிப்போட்டியளே. நானும் எழுதித் தாறன், அவளிட்டை நான் ஒண்டும் கேக்கேல்லை எண்டு. எங்கை பேனை?"

அருந்தவன் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "இரத்தினம், பிள்ளை பந்தடிச்சது எங்களுக்குத் தெரியும். டிவியிலை காட்டினவங்கள். படிச்சுக்கொண்டு பந்தும் அடிக்குது, கெட்டிக்காரி எண்டு நினைச்சம். நீர் அதைப் பற்றி வாயே திறக்கிறேல்லை. அப்ப நாங்கள் என்னெண்டு கேக்கிறது? ஒரு நாளைக்கு நீராய்ச் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தம்." கண்ணாடியைத் திரும்பப் போட்டார். "நான் பேத்தியையும் கூட்டிக்கொண்டு ஒருக்காப் போய்ப் பாத்தனான்."

இரத்தினசிங்கத்துக்கு முகம் வெளிறிற்று. "நீர் பாத்தனீரோ?"

"ஓம். உமக்குச் சொன்னால் கோவிப்பீர் எண்டு சொல்லேல்லை."

இரத்தினசிங்கம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார். யார் யார் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று. "எப்பிடி விளையாடினவள்?" என்று கேட்டார்.

அந்தக் கடதாசி திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தது. விமலாதேவியின் கடதாசியும் கூடப் போயிற்று. மூன்று கிழமையில் தடையேதும் இல்லை என்று பதில் வந்தது. குறித்த நாளில் தாட்சாயினி சட்டத்தரணியானாள். அதெல்லாம் பிறகு நடந்தவை, நடந்தே தீர்ந்தவை. அன்றைக்கு மண்டபத்தில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

அருந்தவன் பதில் சொல்ல வாயெடுத்தார். எடுத்தவர் இரத்தினசிங்கத்தின் தோளுக்குப் பின்னால் பார்த்து நிறுத்தினார். "ஏன் காணும் என்னைக் கேக்கிறீர்? ஆள் உமக்குப் பின்னாலை நிக்குது."

இரத்தினசிங்கம் திரும்பினார். காரில் விட்டுவந்த லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு தாட்சாயினி கதவடியில் நின்றாள். எப்போது வந்தாளோ, ஆறாம் பந்தியை முழுதாகக் கேட்டிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. இருபத்தொன்பது வயது. அவர் தோள்மூட்டைத் தாண்டி வளர்ந்த பெரிய பெண். அவருடைய மகள்.

அவர் இரண்டடி நடந்து போனார். பதினொரு வருஷத்தில் முதல் தரம் கேட்டார்.

"பிள்ளை, நீ நல்லா விளையாடினனியோ?"

"ஓம் அப்பா" என்றாள். "நான் வலு நல்லா விளையாடினனான்."

"எனக்குத் தெரியாமல் போச்சே, பிள்ளை" என்று சொல்லி, அவ்வளவு பேருக்கு முன்னாலும், இரத்தினசிங்கம் அழுதார்.

அவள் லைசென்ஸை அருந்தவனிடம் கொடுத்தாள். ஒரு கதிரையை இழுத்துத் தகப்பனை அதில் இருத்தினாள். இன்னொன்றை இழுத்து, காலை நீட்டிக்கொண்டு, அவருக்கு எதிரே தானும் இருந்தாள். விமலாதேவியும் மற்றவர்களும் கதிரைகளைக் கிட்ட இழுக்கிற சத்தம் கேட்டது. அவள் கண்ணைத் துடைத்துவிட்டுத் தொடங்கினாள்.

"முதல் மட்சிலை நாலு கோல் விட்டனான், அப்பா."